பூட்டிக் கிடக்கும் பிதுரார்ஜித வீட்டின் மின்சாரச் செலவு

நமது கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் தொகை வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகின்றது. பெற்றோர் காலமான பின்னர் மக்கள் சென்னையிலோ, கோயம்புத்தூரிலோ, கடல் கடந்த தேசங்களிலோ உத்தியோகத்தில் இருக்கின்றனர். நிலம் குத்தகையிலோ வாரத்திலோ நடக்கின்றது. வீடு மட்டும் அறுவடைக்கும் கோவில் திருவிழாவுக்கும் திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் பூட்டுடன் நிற்கின்றது. ஆளில்லாத வீட்டுக்கு மின்சாரக் கட்டணம் ஏன் வரவேண்டும், அதைக் குறைப்பது எப்படி என்று மிராசுதாரர் பலர் நம்மைக் கேட்பதுண்டு. இது பயிர்த்தொழிலுக்கு நேரே சம்பந்தப்பட்ட விஷயமன்று என்று சிலர் நினைக்கலாம். ஆயினும் விதை நெல்லும், உரமூட்டைகளும், தெளிப்புக் கருவிகளும், கிணற்று மோட்டாரின் சுவிட்சும் பெரும்பாலும் அவ்வீடுகளிலேயே இருப்பதால், அவ்வீட்டில் நேரும் நஷ்டம் முடிவில் வயலைத்தான் வந்து சேருகின்றது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது யாதெனில், தமிழ்நாட்டில் ஆளில்லாத குடியிருப்பு வீட்டுக்கு வரவேண்டிய மின்சாரக் கட்டணம் சூன்யமே. 2016ஆம் வருஷம் மே மாதத்தில் பிறந்த உத்தரவின்படி, வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுகளுக்குப் பணம் வாங்கப்படுவதில்லை என்று ஏற்பட்டது. 2022 செப்டம்பரில் கட்டணங்கள் உயர்த்தப்பட்டபோது, வீட்டு இணைப்புகளுக்கு அதுவரை இருந்து வந்த நிலைக்கட்டணமும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே, பூட்டிய வீட்டுக்கு ஒரு ரூபாய் கட்டணம் வந்தாலும், உள்ளே யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றது என்பதே அதன் பொருள். மாட்டுக்குச் சுரம் கண்டால் சுரத்தை மட்டும் தணித்துவிட்டு நாம் சும்மா இருப்பதில்லை. எதனால் வந்தது என்று பார்க்கின்றோம். மின்சார ரசீதையும் அவ்விதமே பார்க்க வேண்டும். தொகை சிறியதாயிற்றே என்று கட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் இவ்விஷயத்தில் செய்யப்படும் பெரும் பிழை.

இப்பிழையை நானே செய்திருக்கின்றேன். என் தகப்பனார் காலஞ்சென்ற பின் எங்கள் வீடு பூட்டப்பட்டது. முதல் இரண்டு கணக்கெடுப்புகளில் கட்டணம் ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை நூற்றுச் சொச்சம் ரூபாய் வந்தது. இவ்வளவுதானே என்று நான் இருந்த ஊரிலிருந்தே கட்டிவிட்டு, அதைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. நான்காவது முறை 400 யூனிட்டுக்கு மேற்பட்டு, ஆயிரம் ரூபாயைத் தாண்டித் தொகை வந்த பிறகுதான் ஊருக்குப் புறப்பட்டேன். மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் அடிக்குழாய் வெடித்திருந்தது. தொட்டி குறைந்தால் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும் ஆட்டோமேட்டிக் சுவிட்சு ஒன்று தகப்பனார் காலத்தில் வைக்கப்பட்டிருந்தது. தொட்டி வடிய வடிய மோட்டார் ஓடி நிரப்பிக்கொண்டே இருந்திருக்கின்றது. ஒரு குதிரைச் சக்தி மோட்டார் ஏறக்குறைய மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 360 யூனிட் ஆகிவிடும். மோட்டார் சத்தம் கேட்ட அண்டை வீட்டார், நாங்கள் வந்திருக்கின்றோம் போலும் என்று எண்ணியிருந்தார்கள்.

பணம் போனதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. தண்ணீர் முழுவதும் கொல்லைப்புறச் சுவரின் அடியில் இறங்கியிருந்தது. அது மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர். அதற்கு உட்புறம் இருந்த அறையில், தகப்பனார் தம் கடைசிச் சாகுபடியில் கண்டுமுதலான கிச்சிலிச் சம்பா விதை நெல்லைக் குதிரில் வைத்திருந்தார். விதை நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல் போகலாகாது என்று ஊர் ஊராகச் சொல்லிவரும் வேலை என்னுடையது. நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்ததில் 31 மணிகள்தான் முளைத்தன. விதை என்ற பெயருக்கு 80 ஆவது முளைக்க வேண்டும். மூன்றாவது கணக்கில் நூற்றுச் சொச்சம் ரூபாய் வந்த அன்றே ஒருவரை அனுப்பிப் பார்த்திருந்தால், சுவரும் நெல்லும் தப்பியிருக்கும்.

இனி, ஒன்றும் உடையாமலும் வெடிக்காமலும் இருக்கையிலேயே ஆளில்லாத வீட்டில் மின்சாரம் எவ்வாறு கரைகின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆயிரம் வாட்டு ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். அறுபது நாட்களுக்கு 1440 மணி. ஆகையால் ஓயாமல் இயங்கும் பொருள் எத்தனை வாட்டோ, அதை 1.44 ஆல் பெருக்கினால் இரண்டு மாதத்து யூனிட் கிடைக்கும். இந்த ஒரு வாய்ப்பாடு நினைவிலிருந்தால் போதும். எழுபது வாட்டு இரவு பகல் ஓயாமல் போனால் இலவசமான நூறு யூனிட்டும் தீர்ந்து போகின்றது. எழுபது வாட்டு என்பது ஒரு மின்விசிறிக்குச் சமானமானதுதான்.

பழைய குளிர்பதனப் பெட்டி, உள்ளே ஒன்றுமில்லாவிடினும், நாளொன்றுக்கு ஒன்றேகால் யூனிட் இழுக்கலாம். இரண்டு மாதத்தில் 75. இன்வெர்ட்டர் பேட்டரியை நிரம்பிய நிலையில் வைத்திருக்க 20 வாட்டு என்று கொண்டால் 28.8. தொலைக்காட்சியை அணைத்துவிட்டாலும் அதனுடன் சேர்ந்த பெட்டி 10 வாட்டு வீதம் 14.4. சுவாமி அறையிலோ வாசலிலோ இரவு முழுவதும் எரியும் பழைய ‘ஜீரோ வாட்’ விளக்கு, பெயர்தான் ஜீரோவேயன்றி உண்மையில் 15 வாட்டு வரை எடுத்துக்கொள்வது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 10.8. மொத்தம் 129 யூனிட். வீட்டில் ஒருவரும் இல்லை. ஒரு விசிறி சுழலவில்லை. இலவச வரம்பு தாண்டிவிட்டது. இவற்றுள் குளிர்பதனப் பெட்டி ஒன்றை நிறுத்தினாலே கணக்கு 54க்கு இறங்கிவிடுகின்றது என்பதைக் கவனிக்கவும். வாசல் விளக்கை மாற்றிச் சிக்கனம் செய்ய முயலுகின்றவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றார்கள்.

வீட்டில் எவ்வளவு மின்சாரம் மறைவாகப் போகின்றது என்பதை மிராசுதாரரே பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம். தற்கால மீட்டர்களில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுக்கும் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல மீட்டர்களில் இது 3200. வீட்டிலுள்ள சுவிட்சுகள் யாவற்றையும் அணைத்து, சொருகிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, மெயின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்து, கடிகாரத்துடன் மீட்டரின் முன் நிற்க வேண்டும். விளக்கு மினுக்காவிட்டால் கவலையில்லை. 45 விநாடிக்கு ஒரு முறை மினுக்கினால் மணிக்கு 80 தடவை. அதை 3200 ஆல் வகுக்க 25 வாட்டு ஆகின்றது. மேற்சொன்ன வாய்ப்பாட்டின்படி இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். ஒன்றுமே ஓடாத வீட்டில் இவ்வளவு போகின்றதென்றால், மறந்துபோன பொருள் ஏதோ ஓர் அறையில் இருக்கின்றது, அல்லது கம்பியிலிருந்து சுவருக்குள் மின்சாரம் கசிகின்றது. பின்னர் மெயின் சுவிட்சையும் அணைத்துப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் மினுக்கினால், மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவே யாரோ கம்பி எடுத்திருக்கின்றார்கள், இல்லையேல் மீட்டரில் கோளாறு இருக்கின்றது. இரண்டில் எதுவாயினும் தாமே கை வைக்காமல், பிரிவு அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்து நகல் வைத்துக்கொள்வது உத்தமம்.

கசிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. பைகாரா மின்சாரம் 1932இலும், மேட்டூர் மின்சாரம் 1937இலும் வந்த பின்னர் கம்பி போட்ட பழைய வீடுகள் இன்னும் நமது ஜில்லாக்களில் உண்டு. மரச்சட்டத்தின் மேல் ஓடும் அக்கம்பிகளின் உறை ரப்பரும் துணியுமாகும். அது காய்ந்து வெடித்து, எலி கடித்து, மழைக்காலத்தில் ஓதம் ஏறும்போது சுவரே மின்சாரத்தைக் குடிக்கத் தொடங்கும். குடியிருக்கும் வீட்டில் சுவரைத் தொட்டவருக்குச் சுரீரென்று தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில் யாருக்கும் தெரியாது. வைக்கோலும் சாக்கும் அடைத்து வைத்த அறையில் தீயாகப் பிடிக்கும்போதுதான் தெரியவரும். இத்தகைய வீடுகளில் 30 மில்லியாம்பியரில் தானே அறுபடும் கசிவுக் காப்புச் சுவிட்சு ஒன்றை, லைசென்சு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு வைப்பது அவசியம். அந்தச் செலவைக் கட்டணத்தில் மீதமாகும் ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். கூரையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

சிலர் ஊரை விட்டுப் புறப்படும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்விடுகின்றனர். மிகச் சிக்கனமான வழி இதுவே. ஆயினும் வாசல் விளக்கு வேண்டும், கொல்லைத் தென்னைக்கு வாரம் ஒரு முறை தண்ணீர் விடவேண்டும் என்ற காரணங்களால் எல்லோருக்கும் இது இசைவதில்லை. அத்தகையோர் வீட்டின் மின்சாரத்தை இரண்டு வழியாகப் பிரித்துவிடலாம். வாசல் விளக்கும் மோட்டாரும் ஒரு வழி. மற்ற அறைகள் யாவும் வேறு வழி. புறப்படும்போது இரண்டாவதை மட்டும் அணைத்துவிட்டால் போதும். ஒரு நாள் வேலைதான். வாசலில் 5 வாட்டு எல்.இ.டி. விளக்கு இரவு முழுவதும் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 3.6 யூனிட்டுக்கு மேல் ஆகாது. வெளிச்சம் கண்டால் தானே அணையும் சாதனத்தோடு வைத்துவிட்டால், அதைப் போட்டு அணைக்க அண்டை வீட்டுப் பிள்ளையைத் தேட வேண்டியதில்லை. மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்சு கூடவே கூடாது. ஆள் நின்று போட்டு, ஆள் நின்று அணைக்க வேண்டும். தொட்டியையும் காலி செய்து வைக்கவும்.

குளிர்பதனப் பெட்டியை நிறுத்துவோர், பொருளை எடுத்துத் துடைத்து, நன்றாக உலர்த்தி, கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு கட்டையைக் கொடுத்துத் திறந்தே வைக்க வேண்டும். மூடிவைத்தால் ஒரே மாதத்தில் உள்ளே பூஞ்சணம் பூத்து, பிற்பாடு அந்த வாடை போவதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்தில் மாத்திரம் அவசரப்படலாகாது. அதை வெறுமனே நிறுத்திப் போட்டால் வெயில் காலத்தில் தானாகவே இறங்கி, பல மாதம் கழித்து வந்து பார்க்கும்போது உபயோகமற்றுப் போயிருக்கும். முழுமையும் ஏற்றி, வாலை நீர் அளவு பார்த்து ஊற்றி, இரண்டு முனைகளையும் கழற்றி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை மீண்டும் ஏற்ற வேண்டும். அதற்கு வருவார் இல்லையெனில், உபயோகிக்கும் உறவினர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவதே மேல். ஒருவரும் இல்லாத வீட்டில் மின்தடைக்காக ஒரு பேட்டரி காத்திருப்பது வேடிக்கையான காரியமே.

‘இணைப்பையே அடியோடு எடுத்துவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் உளர். வீட்டை இடிப்பது நிச்சயமாயிருந்தால், அல்லது பல வருஷங்கள் யாரும் வரப்போவதில்லையென்றால், விண்ணப்பம் கொடுத்து முறைப்படி இணைப்பை முடித்து, டிபாசிட் தொகையைத் திரும்பப் பெறலாம். மற்றவர்கள் அவ்வாறு செய்வது லாபகரமன்று. கட்டணம் சூன்யமாக வரக்கூடிய இணைப்பை எடுத்துவிட்டு, பிற்பாடு புது இணைப்புக்குச் சில ஆயிரம் ரூபாயும் அலைச்சலும் கொடுப்பது எவ்விதத்தில் சிக்கனம்? இதைவிட மோசமானது, கட்டணத்தைக் கட்டாமல் விட்டு இணைப்பு தானே அறுபடட்டும் என்றிருப்பது. பாக்கி நிற்கும், வீட்டைப் பாகம் செய்யும்போதோ விற்கும்போதோ அது முன்னே வந்து நிற்கும். மற்ற ராஜ்யங்களில் வீடுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: கர்நாடகத்தில் அனுமதிக்கப்பட்ட கிலோவாட்டு ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் நிலைக்கட்டணம் உண்டாகையால், அங்கே ஒன்றும் எரியாவிட்டாலும் பணம் வரும், பளுவைக் குறைக்க எழுதிக் கொடுப்பது அங்கே பலன் தரும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

இறந்தவர் பெயரிலேயே இணைப்பு நிற்பதால் வரும் தொந்தரவு தனி. கட்டண விவரம் இறந்தவருடைய தொலைபேசி எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். வாரிசுகளில் ஒருவருக்கும் அது தெரியாது. மீட்டர் பூட்டிய கதவுக்குள் இருந்தால், கணக்கெடுப்பவர் முந்திய அளவை வைத்து உத்தேசமாக ஒரு தொகையைக் குறித்துவிட்டுப் போகவும் கூடும். ஆகவே மீட்டரை வெளித் திண்ணைப் பக்கம் மாற்றி வைக்க விண்ணப்பிப்பதும், தொலைபேசி எண்ணை உயிருடன் இருக்கும் ஒருவர் எண்ணாக மாற்றிவிடுவதும் உடனே செய்ய வேண்டிய காரியங்கள். பெயர் மாற்றத்துக்குத் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழும், வீட்டு வரி ரசீதும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் கையிலிருந்தால் வேலை எளிதில் முடியும். சம்மதம் என்னும்போது சகோதரர்களை மட்டும் நினைத்துக்கொண்டு சகோதரிகளை விட்டுவிடும் வழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கின்றது. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே பெண்மக்களும் முதல் வகுப்பு வாரிசுகள். வாரிசுச் சான்றிதழுக்கான விசாரணையில் அறிக்கை எழுதும் கிராம நிர்வாக அலுவலர்கள் இதை நன்கு அறிவர். விட்டுப்போன பெயரை முதலிலேயே கேட்டுச் சேர்த்துவிட்டால், பிற்பாடு வரும் மனஸ்தாபங்களில் பாதி வராமலே போகும். மின் இணைப்பு ஒருவர் பெயருக்கு மாறுவதால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடாது என்பதையும் குடும்பத்தார் யாவருக்கும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் பெயருக்கு மின்சாரம் மாறுகின்றது என்றவுடன் தம்பி சந்தேகப்பட்டு, பெயரே மாறாமல் பல வருஷம் கிடக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கின்றேன்.

மற்றொரு விஷயத்தை மறைத்து வைப்பதில் பயனில்லை. விவசாய மோட்டாருக்கு 1990ஆம் வருஷம் முதல் இலவசமாக வரும் மின்சாரத்திலிருந்து ஒரு கம்பி இழுத்து, பூட்டிய வீட்டின் விளக்குக்கும் தொட்டிக்கும் கொடுத்துக்கொள்வது சில இடங்களில் நடக்கின்றது. அனுமதித்த காரியத்துக்கன்றி வேறு காரியத்துக்கு உபயோகித்தால், 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். எத்தனை நாளாக நடந்தது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவர். சும்மாவே நூறு யூனிட் கிடைக்கும் வீட்டுக்கு இந்த வேலை எதற்கு? அவ்விதமே, காலி வீட்டைக் கடைக்கோ பட்டறைக்கோ வாடகைக்கு விட்டவர்கள் வீட்டு இணைப்பாகவே வைத்திருப்பதும் குற்றம்; அதற்குரிய கட்டண வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாள் பந்தல் விளக்குக்குக் கம்பி கொடுப்பதை யாரும் தடுப்பதற்கில்லை என்று கிராமத்தில் சொல்வார்கள். அந்தக் கம்பி மறுநாள் அவிழ்க்கப்பட்டதா என்று பார்க்க வீட்டுக்காரர் ஊரில் இல்லையென்பதே இதிலுள்ள சங்கடம்.

எங்கள் வீட்டில் இப்பொழுது சாவி ஒன்று குத்தகைதாரரிடம் இருக்கின்றது. மாதப் பிறப்பன்று அவர் மீட்டர் அளவைப் பார்த்துத் திண்ணைச் சுவரில் கரிக்கட்டியால் தேதியோடு எழுதி, மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட்டி அணைத்துவிட்டு, எனக்குத் தெரிவிக்கின்றார். மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் ஏறினால் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கின்றேன். கடந்த கணக்கெடுப்புகள் யாவும் சூன்யமாகவே வந்துள்ளன. தகப்பனார் முன்பொரு சமயம் விதைக்குக் கொடுத்திருந்த அடுத்த ஊர் விவசாயி ஒருவர், அந்தக் கிச்சிலிச் சம்பாவின் வழியில் வந்த நெல்லை இரண்டு மரக்கால் திருப்பிக் கொடுத்தார். அதைக் கொல்லை அறையில் வைக்கவில்லை. முன்கட்டில், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, பலகையின் மேல் தகரப் பெட்டியில் வைத்திருக்கின்றோம்.